கடப்புக்கு வெளியே போன நூல்

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று உன்னைக் கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. காலையில் நான் அவித்த புட்டையும் மீன் ஆணத்தையும் ஒரு வழி பண்ணிவிட்டு, கலியாணச் சட்டையின் அளவு பார்க்கத் தையல்கடைக்குப் போயிருக்கிறாய். நலமாகத்தான் இருக்கிறாய், சட்டைதான் பாவம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு உம்மாவுக்கு என்ன கடிதம் வேண்டிக் கிடக்கிறது என்று சிரிப்பாய். சிரித்துவிட்டுப் போ. வாயால் சொல்லத் தொடங்கினால் "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்துவிடுகிறாய். பாதிப் பேச்சில் எழும்பிப் போகிற பழக்கம் உனக்கு உன் வாப்பாவிடமிருந்து வந்தது. கடிதத்துக்கு ஓம் போட்டுவிட்டு ஓட முடியாது என்பதால் லுஹர் தொழுத கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நீ மாப்பிள்ளையாகிச் சாய்ந்தமருதுக்குப் போகிறாய். நம் பக்கத்தில் மகனைப் பெற்றவளுக்கு இது தெரிந்த கதைதான். பொம்பிளைப் பிள்ளைக்கு வீட்டைக் கட்டிக் கொடுக்கிறோம், ஆம்பிளைப் பிள்ளையைச் சட்டை தைத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். உன் வாப்பாவும் அப்படித்தான் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பெட்டியோடு மருதமுனைக்கு என் வீடு தேடி வந்தார். ஆகையால் நீ போவதற்காக அழமாட்டேன் என்று சொல்லிவைத்திருந்தேன். நேற்று உன் பழைய சாரன்களை மடிக்கும்போது அழுதுவிட்டேன். அது வேறு விசயம்.

விசயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை சோறு தின்னும்போது, நீ கட்டப்போகிற ஜெசீலாவைப் பற்றி ஒரு சொல் சொன்னாய். அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்திருக்கிறது. சேருகிறாளா இல்லையா என்று கலியாணத்துக்கு முன்னம் பதில் எழுத வேண்டும். நீ என்ன சொன்னாய்? "என்னத்துக்கு உம்மா அங்க போய்த் தங்கிப் படிக்கிற? ஊட்டில இருந்து படிக்கட்டும். கேக்கிற புத்தகமெல்லாம் நான் வாங்கிக் குடுக்கிறன்." சொல்லிவிட்டு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமே இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நிறைவுதான் இருந்தது. அதுதான் மகன் எனக்குப் பயமாகப் போய்விட்டது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் அகப்பையாலேயே ஒன்று போட்டிருப்பேன், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதே முகத்தை நான் முந்தியும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சூறாவளி அடித்துப் போன நேரம். தென்னைகளெல்லாம் முறிந்து ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. பள்ளிக்கூடத்தின் கூரை போனது போனதுதான், ஓடுகளை மூன்றாம் தெருவில் பொறுக்கினோம். கூரை போட்டு எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீயும் தம்பி றமீஸும் நாள் முழுக்க விழுந்த மரங்களில் ஏறித் திரிந்தீர்கள். உனக்கு மூத்தவள், ராத்தா பரீதா, அந்தக் கிழமைகளில்தான் பெரிய பிள்ளையானாள். உன் வாப்பா வீட்டுக் கூரையைக் கட்டுவதற்கு முன்னம் வேலியை அடைத்தார், நினைவிருக்கிறதா? மழை பெய்தால் படுக்கையெல்லாம் நனையும், ஆனால் வேலி தென்னோலைக் கிடுகு கிடுகாக இடைவெளி இல்லாமல் நின்றது. வேலி அடைத்து முடிந்த அன்று அவர் சொன்னார், "பள்ளிக்கூடம் துறந்தா ஆம்பிளப் புள்ளைகள் போகட்டும். பரீதா இனி ஊட்டோட இரிக்கட்டும்." என்னையும் ஏழாம் வகுப்பில் இப்படித்தான் நிற்பாட்டினார்கள். அதனால் நான் அந்த நேரத்தில் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ஆணத்துக்கு உப்புப் போட மட்டும் மறந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் என்ன, இங்கேயே நடத்துகிறேன் என்று நான் கிளம்பியது அதற்குப் பிறகுதான். மற்றப் பாடங்களை எப்படியோ ஒப்பேற்றினேன். சரித்திரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தோடு ஒருத்தி, ஏழாம் வகுப்புப் புத்தகத்தோடு நீ, எழுத்துக் கூட்டவே தெரியாத றமீஸ். மூன்று பேரையும் மூன்று மூலையில் இருத்தி, ஒவ்வொரு மூலையாக ஓடி ஓடிச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மூலையில் ரோமாபுரி, ஒரு மூலையில் அனுராதபுரம், மற்ற மூலையில் றமீஸ் என் பருப்புப் பேணியைக் கவிழ்த்துக்கொண்டிருப்பான். நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஜெசீலா போன மாதம் வந்தபோது, ராத்தா சொல்லிக் கேள்விப்பட்டு என்னைக் கேட்டாள், "மாமி, வேற வேற வயசுப் புள்ளைகள ஒண்டா வச்சி எப்பிடி மாமி சரித்திரம் சொல்லிக் குடுத்தீங்க?" சண்டையால் பள்ளிக்கூடங்கள் திறப்பதும் பூட்டுவதுமாக இருக்கிற இந்தக் காலத்தில் அவள் தன் வீட்டு வளவில் அயல் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாளாம். ஏழு வயதிலிருந்து பதினாலு வயது வரைக்கும் ஒரே பாயில். அவளுக்குச் சொன்ன பதிலை உனக்கும் சொல்கிறேன், நீ அப்போது கூடவே இருந்தவன் என்றாலும்.

காய்ச்சலில் படுத்துக் கிடக்கும்போதுதான் பிடிபட்டது. புத்தகம் மூன்றாக இருக்கலாம், கதை ஒன்றாக இருந்தால் போதும். மூன்று பேருக்கும் ஒரே கதை, ஆனால் ஆளுக்கொரு வேலை. யூசுப் நபியின் காலத்துப் பஞ்சம் என்றால் றமீஸ் களிமண்ணில் நெல் போடுகிற பட்டறை செய்ய வேண்டும். அதில் எத்தனை மூடை நெல் கொள்ளும், எத்தனை பேருக்குக் காணும் என்று நீ கணக்குப் பார்க்க வேண்டும். மிஸ்ர் நாட்டை, அதுதான் எகிப்தைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பதைப் படித்து, இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிய வந்தது என்று ராத்தா சொல்ல வேண்டும். சொல்வதை றமீஸுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டும். அவனுக்கு விளங்காவிட்டால் அவளுக்கே விளங்கவில்லை என்றுதான் அர்த்தம், திருப்பிப் படிக்க வேண்டும். முதலில் நீ குதித்தாய். "நான் ஏழாம் வகுப்பு உம்மா, இவன் மூக்குச் சளியோட இரிக்கான், இவனோட ஒண்டா இரிக்கவா?" என்றாய். இரண்டாம் நாள் நெல்லுக் கணக்கில் பிழை விட்டு மிஸ்ர் நாட்டையே பட்டினி போட்டபோது, அதைக் கண்டுபிடித்தவன் அந்த மூக்குச் சளிக்காரன்தான். பட்டறையில் இடம் இருக்கிறதே, பிறகு ஏன் ஆட்கள் சாகிறார்கள் என்று கேட்டான். அதற்குப் பிறகு நீ அவனோடு சண்டை பிடிக்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. எது முந்தி, எது பிந்தி என்று உங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. மிஸ்ர் ராசா பிர்அவ்ன் நம் வயசான மூத்தாப்பாவைப் பார்த்திருப்பானா என்று றமீஸ் கேட்டான். நீ சிரித்தாய், ஆனால் எவ்வளவு தூரம் என்று கேட்டால் உனக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் உன் மாமாவின் தறிக்கொட்டிலில் நனைந்து சாயம் கலங்கிக் கிடந்த நூல் ஞாபகம் வந்தது. சூறாவளியில் சிக்குப்பட்ட நூல், நெய்ய உதவாது. "எடுத்துட்டுப் போ புள்ள, எனக்கு அதப் பார்த்தா வயிறு எரியுது" என்று மாமா ஒரு மூடை தந்தார். நாம் நாலு பேரும் சிக்கெடுத்து முடிச்சுப் போட்டோம். நூறு வருடத்துக்கு என் இரண்டு கையையும் விரித்த நீளம் என்று அளவு வைத்தேன். குசினித் தூண் இன்றைக்கு. அங்கிருந்து தள்ளிப் போகப் போகப் பழைய காலம். வெள்ளைக்காரன் வந்தது, ஒல்லாந்தன் வந்தது, போர்த்துக்கீசன் வந்தது என்று ஒவ்வொரு முடிச்சாக, எழுதின தாள் துண்டோடு தடிகளில் கட்டிக்கொண்டு போனோம். நம் நபி ரஸூலுல்லாஹ்வின் காலம் வரும்போது வளவு முடிந்துவிட்டது. முன்னால் வேலி வாசலில் கடப்பு, அதற்கு அப்பால் சனம் போய்வருகிற ஒழுங்கை.

அங்கேதான் என் புத்தி போன போக்கைப் பார். நூல் நேராகத்தான் போக வேண்டும் என்று நினைத்துவிட்டேன். காலம் வளையுமா என்ன? கடப்பால் வெளியே கொண்டுபோய், ஒழுங்கையைக் கடந்து, கடற்கரைப் பக்கம் விழுந்து கிடந்த தென்னைகள் வரைக்கும் உங்களைக் கொண்டு இழுப்பித்தேன். ஈஸா நபியின் காலம் ஒழுங்கைக்கு நடுவில் நின்றது. மீன்காரர் சைக்கிளோடு வந்து மாட்டிக்கொண்டு "எந்த ஹறாங்குட்டிடா றோட்டுக்குக் குறுக்கால நூல் கட்டின?" என்று கத்த, றமீஸ் ஓடிப் போய், "அது ஈஸா நபிட காலம் காக்கா, குனிஞ்சி போங்க" என்று சொன்னான். மனிசன் சிரித்துவிட்டு இரண்டு சூடை மீனையும் தந்துவிட்டுப் போனார். நீங்கள் இரண்டு பேரும் மூஸா நபிக்கும் பிர்அவ்னுக்கும் ஓடிப் போய்ப் போய் வந்தீர்கள். கடல் பக்கத்தில்தானே, இங்கேதான் பிளந்தது என்று றமீஸ் தண்ணீரைக் காட்டிக் கூவினான்.

நான் திரும்பிப் பார்த்தேன். ராத்தா கடப்படியில் நின்றாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே காலை வைக்கவில்லை. அவளுக்கு வெளியே போகக் கூடாது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். நாம் படிக்கிறது பழைய காலத்துச் சரித்திரம், அந்தப் பழைய காலம் முழுவதும் கடப்புக்கு வெளியே கிடந்தது. "தம்பி, அங்க என்னடா எழுதியிரிக்கி? கொஞ்சம் சத்தமாச் சொல்லுடா" என்று அங்கே நின்றுகொண்டே கேட்டாள். அந்தப் புத்தகத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டியவளே அவள்தான். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீதான் அப்போது திரும்பி வந்தாய். அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். போய்க் கடைசித் தடியைப் பிடுங்கினாய். பிறகு அடுத்தது. மிஸ்ர் நாடு, மூஸா நபி, ரோமாபுரி எல்லாவற்றையும் தோளில் சுமந்துகொண்டு கடப்பால் உள்ளே வந்தாய். "காலத்த வளைக்கக் கூடாதுடா" என்று நான் சொன்னதற்கு, "வளைச்சா என்ன உம்மா? நூல்தானே" என்றாய். கிணற்றைச் சுற்றி, கோழிக்கூட்டைச் சுற்றி, மிச்சம் நின்ற ஒரேயொரு தென்னையைச் சுற்றி எல்லாவற்றையும் வேலிக்குள் அடக்கினாய். யூசுப் நபியின் காலம் சரியாகக் கிணற்றடிக்கு வந்தது. அவரைக் கிணற்றில் போட்டவர்கள் இன்னும் பக்கத்தில் நிற்பார்கள் என்று றமீஸ் அதற்குப் பிறகு தனியே தண்ணீர் அள்ளப் போகவே இல்லை. ராத்தா முதல் தடவையாகத் தன் காலால் நடந்து பிர்அவ்னிடம் போனாள். நீ நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த அந்த நிறைவைத்தான் போன வெள்ளிக்கிழமையும் பார்த்தேன். அன்றைக்கு உன்னைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சினேன். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லையே. கூரை போட்டார்கள், பள்ளிக்கூடம் திறந்தது, நீயும் தம்பியும் போனீர்கள். ராத்தா தனியே நூலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மூன்று பேராக இருந்து படித்ததில் ஒரு ஆளாக மிஞ்சினாள். யாருக்கு விளங்கச் சொல்வது, யார் பிழை பிடிப்பது? ஒரு நாள் அவள் நூலைப் பார்க்கவே போகவில்லை, குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் என் வாய் திறந்தது. உன் வாப்பா சாப்பிட உட்கார்ந்த நேரம், "புள்ள பள்ளிக்குப் போகணும்" என்றேன். "கடப்பத் தாண்டி பெரிய புள்ள போறதா? சனம் என்ன சொல்லும்?" என்றார். "அந்தக் கடப்பு யார்ட? இந்த வளவு எனக்கு எங்கட வாப்பா எழுதித் தந்த. நீங்க இந்தக் கடப்பால வந்த ஆள்" என்றேன். இருபது வருடத்தில் நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் சோற்றுக் கோப்பையில் கை கழுவிவிட்டு எழும்பினார், வேளாண்மை பார்க்கச் சாகாமத்துக்குப் போனவர் கிழமைக்கணக்காக வரவே இல்லை. நான் ஒவ்வொரு வேளையும் அவருக்காக ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வந்தார். வந்தவர் என்னிடம் பேசவில்லை. நேரே நூலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ராத்தாவைக் கூப்பிட்டார். "மகள், சாகாமக் குளத்துக் கட்டுத் திருத்தக்குள்ள மண்ணுக்குக் கீழ பெரிய பெரிய கல்லு, பழைய செங்கல்லு எல்லாம் வந்திரிக்கி. அது இந்த நூல்ல எந்த இடம்?" அவருக்கு அது சமாதானம் பேசுகிற வழி. மகளுக்குத் தெரிந்ததை மகள் சொல்லட்டும், கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பார். அவள் நூலைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "இஞ்ச இரிந்து சொல்ல ஏலா வாப்பா. நான் போய்ப் பார்க்கணும்."

எத்தனை மரியாதையாகச் சொன்னாள்! அழவில்லை, கெஞ்சவில்லை. அடுத்த நாள் உழவு மெசின் பெட்டியில் நாம் எல்லோரும் ஏறிக்கொண்டு சாகாமத்துக்குப் போனோம். நீ முன்னால் நின்றாய், காற்று வாயை அடைக்கப் பாடிக்கொண்டு வந்தாய். குளக்கட்டில் ராத்தா அந்தச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்தாள், இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள், நம் வீட்டுச் செங்கல்லை விடப் பெரியது என்றாள். கட்டினவர் யார், எந்தக் காலம் என்று அவளுக்குத் தெரியவில்லை, அங்கே நின்ற யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விகளில் உன் வாப்பாவுக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்து சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டாள், இறுக்காமல், முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்துகிற மாதிரி. "சரியாத் தெரியும்வரைக்கும் இது இப்பிடி இரிக்கட்டும்" என்றாள். அடுத்த சனிக்கிழமை உன் வாப்பா கல்முனைக் கடைத்தெருவுக்குப் போய் அவளுக்குப் பள்ளிக்கூடச் சட்டைக்கு வெள்ளைத் துணியும் ஒரு சோடிச் செருப்பும் வாங்கி வந்தார். திங்கட்கிழமை கடப்பைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். சனம் என்னவோ சொன்னது, பிறகு அதுவும் ஓய்ந்தது. இன்றைக்கு அதே சனத்தின் பெண்பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பிக்கிறவள் உன் ராத்தா.

இதெல்லாம் உனக்கு ஏன் இத்தனை நீட்டி எழுதினேன் என்று இப்போது விளங்கியிருக்கும். ஜெசீலாவுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறேன் என்று நீ சொல்வது, நூலை உள்ளே இழுத்துக் கொடுத்த அதே கைதான். நல்ல கை. ஆனால் அன்றைக்கு உனக்குப் பன்னிரண்டு வயது, கடப்பைத் திறக்கிற அதிகாரம் உனக்கு இல்லை, கையால் செய்ய முடிந்ததைச் செய்தாய். இன்றைக்கு நீ ஒரு இரும்புக் கடைக்கு முதலாளி, முகத்தில் தாடி. இன்னும் நூலையே இழுத்துக்கொண்டிருப்பாயா? காலம் கெட்டுக் கிடக்கிறது, றோட்டில் ஆமிக்காரர் சோதனை, எந்த நேரம் என்ன நடக்கும் என்று தெரியாது என்பாய். தெரியும். எனக்குப் பயம் இல்லையா? நீ கடை பூட்டி வரச் சுணங்கினால் நான் எத்தனை தடவை ஒழுங்கையை எட்டிப் பார்க்கிறேன் என்று றமீஸைக் கேள். பயப்படு மகன், பயப்படாதே என்று நான் சொல்லவில்லை. பயமென்றால் அவளோடு பஸ்ஸில் கூடப் போ, லீவுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வா. உன் பயத்துக்காக அவள் வீட்டில் அடைந்து கிடக்க வேண்டாம். புத்தகத்தில் இருப்பதை அவள் வீட்டிலிருந்தும் படிப்பாள். ஒரே பாயில் இருக்கிற பெரிய பிள்ளைக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஒரே கதையை எப்படிச் சொல்வது என்று நாலு பேரோடு இருந்து, பிழை விட்டு, பிழை பிடிபட்டுத்தான் படிக்க ஏலும். எனக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்தக் காய்ச்சல் மிச்சம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை நீ போகிற வீடு ஜெசீலாவின் பெயருக்கு எழுதின வீடு. வளவும் அவளுடையது, கடப்பும் அவளுடையது. மாலையைப் போட்டுக்கொண்டு அந்தக் கடப்பில் நீ நிற்கும்போது, உள்ளே வா என்று உன்னை எடுப்பது அவளும் அவளைப் பெற்றவர்களும்தான். அப்படி உன்னை உள்ளே எடுத்தவளை, அதே கடப்பில் நின்றுகொண்டு வெளியே போகாதே என்று சொல்வாயா? நான் பெற்ற பிள்ளை அப்படிச் சொல்லமாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது என்ன, தெரியும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். அஸருக்குப் பிறகு ஜெசீலாவின் உம்மா பலகாரத் தட்டுப் பற்றிக் கதைக்க இங்கே வருகிறார். கலாசாலைக்கு என்ன பதில் எழுதுவது என்று பிள்ளை இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லையாம். நான் வாய் திறக்கமாட்டேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பேன். சொல்ல வேண்டியதை நீயே சொல்லு. அந்தப் பழைய நூலையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன், ராத்தாவின் சிவப்பு முடிச்சோடு. அவள் வளவில் கட்டினாலும் சரி, கலாசாலைக்குக் கொண்டுபோனாலும் சரி, நேராகக் கட்டுவதா வளைப்பதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

தையல்கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வா, கூட்டாளிமாரோடு நின்றுவிடாதே. அல்லாஹ் உன்னையும் அவளையும் நன்றாக வைக்கட்டும். கடப்பைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

உன் உம்மா